பண்ணை விற்பனைக்கு, மண் இலவசம்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தேர்வு நெருங்க நெருங்கப் பாடப் புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிப்பேன். இந்த செமஸ்டரில் மாட்டியது இங்கிலாந்து கிராமப்புற எஸ்டேட் விற்பனை விளம்பரங்கள். வாங்கவா போகிறேன்? மெஸ் பில்லே இரண்டு மாதம் பாக்கி. ஆனாலும் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து, யாரோ ஒரு பிரபு வீட்டுக் குதிரை லாயத்தில் எத்தனை குதிரை கட்டலாம் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

நாலைந்து படித்ததுமே தெரிந்துவிடும், எல்லாம் ஒரே அச்சு. முதலில் வீடு. எத்தனை படுக்கையறை, எந்த நூற்றாண்டுக் கல் சுவர், சமையலறை எவ்வளவு பெரியது. அடுத்து லாயம், தோட்டம், ஜன்னல் வழியே தெரியும் குன்று. லண்டனுக்கு ரயிலில் எவ்வளவு நேரம். எல்லாம் முடிந்த பிறகு, சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை பாக்கு மாதிரி ஒரு வரி: பல பத்தாண்டுகளாக இயற்கை முறையில் விவசாயம் நடந்த, வரலாற்றுச் சிறப்புமிக்க நிலம், இத்தனை ஏக்கர். அவ்வளவுதான். அப்புறம் தொலைபேசி எண்.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு எரிச்சல். ஐம்பது அறுபது வருஷம் ஒரு மனிதர் (பெரும்பாலும் ஒரு குடும்பம்) ரசாயன உரம் வாங்காமல், மருந்து அடிக்காமல், ஊர் சிரிக்கச் சிரிக்க உருவாக்கிய மண், விளம்பரத்தில் வீட்டுக்கு ஓர் அலங்காரம். "புராதன மாடிப்படி", "புராதன மண்" என்ற வரிசையில் அதுவும் ஒன்று. வாங்குகிறவர் அடுத்த நாள் காலையில் அதை என்ன செய்வார் என்று தரகருக்குக் கவலை இல்லை. சட்டத்துக்கும் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். சுருக்கமாகச் சொன்னால், நீண்டகால இயற்கைப் பண்ணைகளைச் சந்தையில் விட்டுவிட்டு, அவை அழிந்த பிறகு கண்ணீர் விடுவது அயோக்கியத்தனம். அவற்றைச் சந்தையிலிருந்து நிரந்தரமாக வெளியே எடுக்க வேண்டும். அது கனவு இல்லை, நடந்திருக்கிறது.

முதலில் அடிப்படை. "இயற்கைப் பண்ணை என்றால் மருந்து அடிக்காத பண்ணை" என்பது பாதி பதில்தான். மருந்தை இன்றைக்கே நிறுத்தலாம். நிறுத்தியதும் மண் சரியாகிவிடாது. மருந்தும் உப்பு உரமும் செய்துகொண்டிருந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும். குளோவர் மாதிரிப் பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்க வேண்டும். பூஞ்சைகள் வேரோடு கூட்டுச் சேர்ந்து மணிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். மண்புழு துளை போட்டால்தான் மழைநீர் உள்ளே இறங்கும். சாணமும் சருகும் மக்கி மண்ணில் கரிமமாகச் சேர வேண்டும். இதெல்லாம் மெதுவாகச் சேரும் சேமிப்பு. சீட்டு கட்டுவது மாதிரி, நடுவில் ஒரு மாதம் விட்டால் போச்சு.

சான்றிதழ் வாங்க அதிக நாள் ஆகாது. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் பொதுவான விதி இது: ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு மாற்றக் காலம், பழ மரங்கள் போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு. காகிதத்துக்கு அது போதும். மண்ணுக்குப் போதாது. உழுது பயிரிட்ட நிலத்தைப் புல்வெளியாக மாற்றினால், அதில் கரிமம் ஏறி ஒரு நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதே புல்வெளியைத் திரும்ப உழுதால், ஏறிய வேகத்தைவிட இறங்குகிற வேகம் அதிகம். கட்டுவதற்கு ஒரு தலைமுறை, கரைப்பதற்குச் சில உழவு.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். இங்கிலாந்தில் அந்த எஸ்டேட் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால், புது முதலாளி அனுமதி இல்லாமல் ஒரு பழைய ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. வயல் ஓரத்து வேலிச் செடிகளுக்கு 1997ல் தனி விதிகளே வந்தன. 30 ஆண்டுக்கு மேல் வயதான முக்கியமான வேலியை நினைத்த மாத்திரத்தில் பிடுங்க முடியாது. அரிய இயற்கைப் புல்வெளிகளுக்கும் சில காப்புகள் உண்டு. ஆனால் வேலிக்கு உள்ளே, வீட்டுக்கு வெளியே இருக்கிற சாதாரண விளைநிலம்? அறுபது வருஷ இயற்கை மண்ணாக இருந்தாலும், பத்திரம் பதிந்த மறுநாள் களைக்கொல்லி அடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். சான்றிதழ் நடத்துகிறவரைத்தான் கட்டுப்படுத்தும். புது ஆள் "எனக்குச் சான்றிதழே வேண்டாம்" என்றால் கதை முடிந்தது.

நம் ஊர்ப் பத்திரங்களில் செக்குபந்தி என்று நான்கு எல்லையும் எழுதுவார்கள். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால் என்று. ஆழத்தை எந்த ஊர்ப் பத்திரமும் எழுதுவதில்லை. இயற்கைப் பண்ணையில் இருக்கிற விஷயமோ மொத்தமும் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் என் அறைத்தோழனிடம் சொன்னேன். அவன் வணிகவியல். கொசுவர்த்தியைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னான்: "மச்சி, நிலம் அவனுது. விப்பான், விக்காம இருப்பான். உனக்கென்னடா?"

நியாயமான கேள்வி. அதனால்தான் ஃபோர்டுஹாலின் கதையை அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். "நிலம் அவனுது" என்பதில் "அவன்" யார் என்று பார்க்க இதைவிட நல்ல கதை கிடையாது.

இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டி ஷ்ரோப்ஷயர் மாவட்டம். அதில் மார்க்கெட் டிரேட்டன் என்ற சின்ன ஊர். ஊருக்குப் பக்கத்தில் ஃபோர்டுஹால் பண்ணை, 128 ஏக்கர். ஹாலின்ஸ் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே விவசாயம் பார்த்தது. கவனியுங்கள், சொந்தக்காரர்களாக இல்லை, குத்தகைக்கு.

1915ல் பிறந்த ஆர்தர் ஹாலின்ஸ், அப்பா இறந்ததும் 14 வயதில் பண்ணைப் பொறுப்பை ஏற்றார். அவர் கைக்கு வந்தது களைத்துப்போன மண். உரம் போட்டுப் போட்டு, விளைச்சல் எடுத்து எடுத்துச் சோர்ந்த நிலம். அந்தப் பையன் கவனித்தது ஒரு சின்ன விஷயம். யாரும் உழாத, யாரும் உரம் போடாத பக்கத்துக் காடு மட்டும் எப்படிச் செழிப்பாக இருக்கிறது? பாடப் புத்தகத்தில் இல்லாத அந்தக் கேள்விதான் அவருக்குப் பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பிரிட்டன் முழுக்க அரசாங்கமே உரத்தையும் டிராக்டரையும் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், ரசாயனத்தைக் கைவிட்டார். கலப்பையையும் மெல்ல ஒதுக்கினார். பலவகைப் புல்லும் மூலிகையும் கலந்த நிரந்தர மேய்ச்சல் நிலமாகப் பண்ணையை மாற்றினார். மாடுகள் குளிர்காலத்திலும் கொட்டகைக்குள் அடைபடாமல் வெளியிலேயே மேயும்படி, புல்லை வளர்த்து நிறுத்திவைக்கும் முறையைக் கையாண்டார். பாலில் தயிர் செய்து விற்றார். பிரிட்டனில் யோகர்ட்டை வணிக அளவில் செய்த முன்னோடிகளில் அந்தக் குடும்பமும் ஒன்று. தன் அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

இத்தனையும் செய்தவருக்கு அந்த மண்ணில் சட்டப்படி ஒரு கைப்பிடிகூடச் சொந்தமில்லை. ஊர் வளர்ந்தது, பக்கத்தில் தொழிற்சாலை வந்தது. கட்டடம் கட்ட ஏற்ற இடம் என்று ஆனதும் நிலத்தின் கணக்கே மாறிவிட்டது. 1990களில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் குத்தகையை முடிக்கும் முயற்சியும் வழக்கும் நடந்தன. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத இடத்தில் யார் வேலிக்கம்பி மாற்றுவார்கள், யார் கூரை வேய்வார்கள்? பண்ணை நொடித்துப்போனது.

2004ல் வெளியேற்ற நாள் குறித்தாயிற்று. ஒரு நாள் மட்டும் மீதமிருக்கும்போது, ஆர்தரின் மகள் சார்லட்டும் மகன் பென்னும் புதிய குறுகியகாலக் குத்தகை ஒன்றை வாங்கினார்கள். இருவருக்கும் இருபதை ஒட்டிய வயது. நம்ம வயசுதான் மக்களே. நாம் அந்த வயதில் அரியர் பேப்பருக்குப் பணம் கட்ட வரிசையில் நிற்கிறோம். :-)

அடுத்து நிலச்சொந்தக்காரர் தரப்பு ஒரு விலை சொன்னது. 8 லட்சம் பவுண்டு. கெடு 2006 ஜூலை 1. ஏக்கருக்கு 6,250 பவுண்டு என்று வகுத்துப் பாருங்கள். மாடு மேய்த்து, இறைச்சி விற்று இந்தப் பணத்தை எந்தக் காலத்தில் எடுப்பது? வங்கிக்குப் போனால் சிரிப்பார்கள்.

அவர்கள் வங்கியை நம்பவில்லை. ஊரை நம்பினார்கள். ஃபோர்டுஹால் சமூக நில அமைப்பு என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். ஒரு பங்கு 50 பவுண்டு. லாபப் பங்கு கிடையாது. பங்கு விலை ஏறவும் ஏறாது. நீங்கள் ஒரு பங்கு வாங்கினாலும் நூறு பங்கு வாங்கினாலும் ஓட்டு ஒன்றுதான். "இதில் எனக்கு என்ன லாபம்?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லை, பண்ணை இருக்கும்" என்பதுதான் பதில். இப்படி ஒரு திட்டத்தை என் அறைத்தோழனிடம் காட்டினால் வாய்விட்டுச் சிரிப்பான். ஆனால் சுமார் 8,000 பேர் பங்கு வாங்கினார்கள். நன்கொடை வந்தது, கடன் கொடுத்தார்கள். கெடுவுக்குள் 8 லட்சம் சேர்ந்தது. 2006ல் பண்ணை அந்தச் சங்கத்தின் சொத்தானது. பென் சங்கத்திடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து இன்றைக்கும் அங்கே மாடு மேய்க்கிறார். ஆர்தர் அந்த நாளைப் பார்க்கவில்லை. 2005லேயே இறந்துவிட்டார்.

இதைச் சொல்லி முடித்ததும் அறைத்தோழன் கேட்டது: "சூப்பர் கதை மச்சி. ஆனா ஓனர் என்ன தப்பு பண்ணான்? அவன் விலை சொன்னான், இவங்க குடுத்தாங்க."

அங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. சொந்தக்காரர் சட்டப்படி ஒரு தப்பும் செய்யவில்லை. நான் எந்தத் தனி மனிதரையும் திட்டவும் இல்லை. என் சண்டை அந்தச் சட்டத்தோடு. மண்ணைச் செழிப்பாக்கியது குத்தகைதாரர். விலை உயர்ந்தது ஊர் வளர்ந்ததால். இந்த இரண்டிலும் பத்திரம் வைத்திருப்பவரின் உழைப்பு இல்லை, ஆனால் விற்கும்போது வரும் பணம் முழுக்க அவருக்கு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அதற்குப் பத்திரப்பதிவு அலுவலகம் முத்திரை குத்திக் கொடுக்கிறது. மண்ணை வளர்த்தவரின் பிள்ளைகள், அப்பா வளர்த்த மண்ணையே சந்தை விலைக்கு வாங்க வேண்டும். அதுவும் 8,000 அந்நியர்களிடம் கையேந்தி.

சரி, "சொந்தக்காரரே நல்ல இயற்கை விவசாயி. அவரே விற்றால்?" என்று கேட்பீர்கள். வயதாகிறது, பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, விற்கத்தான் வேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பெரும்பாலானோர் செய்யும் ஒரு தவறு உண்டு. "வாங்குகிறவர் நல்லவராகத் தெரிந்தார், இதே மாதிரி தொடர்வதாகச் சொன்னார்" என்று நம்புவது. வாய் வார்த்தையை நம்பிப் பெண்ணைக்கூடக் கொடுக்காத உலகம் இது, பண்ணையைக் கொடுக்கிறார்கள்! முதல் முதலாளி சொன்ன வாக்கை அவரே காப்பாற்றலாம். அவர் பத்து வருஷத்தில் விற்றால்? மூன்றாவது கை மாறும்போது அந்த வாக்கு எங்கே இருக்கும்?

இந்தப் பாடத்தை விவசாய விஞ்ஞானத்தின் வரலாறே சொல்கிறது. அதுவும் எதிர்முகாமிலிருந்து.

லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டட் என்று ஓர் எஸ்டேட். அதன் சொந்தக்காரர் ஜான் பென்னெட் லாஸ். சூப்பர் பாஸ்பேட் உரத்துக்கு 1842ல் காப்புரிமை வாங்கி, தொழிற்சாலை வைத்துச் சம்பாதித்தவர். ரசாயன உரத் தொழிலின் தந்தைகளில் ஒருவர் என்றே சொல்லலாம். அவர் 1843ல் பிராட்பால்க் என்ற வயலில் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரே வயலில் ஆண்டுக்கு ஆண்டு கோதுமை. ஒரு பாத்திக்குத் தொழு உரம், வேறு பாத்திகளுக்கு வெவ்வேறு ரசாயன உரம், ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை. அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. காரணம், லாஸ் அதைத் தன் பிள்ளைகளின் நல்ல மனசுக்கோ வாங்குகிறவரின் வாக்குக்கோ விட்டுவிடவில்லை. 1889ல் 1 லட்சம் பவுண்டு போட்டு ஓர் அறக்கட்டளை அமைத்தார். 1934ல் எஸ்டேட்டே விற்பனைக்கு வந்தபோது, பொதுமக்களிடம் நிதி திரட்டி அறக்கட்டளை வாங்கிக்கொண்டது.

இப்போது நம் முகாம். 1919ல் ஈவ் பால்ஃபர் என்ற இளம்பெண், சகோதரியோடு சேர்ந்து சஃபோக் மாவட்டத்தின் ஹாலி கிராமத்தில் நியூ பெல்ஸ் பண்ணையை வாங்கினார். பிரதமராக இருந்த ஆர்தர் பால்ஃபரின் அண்ணன் தம்பி வழி மகள். அவருக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் ஹோவர்ட். இந்த ஹோவர்ட் தன் கம்போஸ்ட் முறையைக் கற்று உருவாக்கியது நம் இந்தூரில், 1924 முதல் 1931 வரை. இந்திய உழவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தன் ஆசிரியர்களாகக் கருதியவர். ஆகவே அந்தப் பண்ணையில் நம் உழவர்களின் அறிவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1939ல் பால்ஃபரும் பக்கத்துப் பண்ணைக்காரர் ஆலிஸ் டெபனமும் ஹாலி சோதனையைத் தொடங்கினார்கள். இயற்கை முறை ஒரு பகுதி, கலப்பு முறை ஒரு பகுதி, கால்நடையே இல்லாத முறை ஒரு பகுதி. பாத்தி அளவில் இல்லை, முழுப் பண்ணை அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 1943ல் பால்ஃபர் எழுதிய புத்தகத்தின் சூட்டில் 1946ல் மண் சங்கம் பிறந்தது. பிரிட்டனில் இயற்கை விளைபொருளுக்குச் சான்று தரும் பெரிய அமைப்பு அதுதான்.

அந்தச் சோதனை என்ன ஆயிற்று? சுமார் முப்பது ஆண்டு ஓடியது. நிலையான நிதி இல்லை, கடன் ஏறியது, நின்றுபோனது. இன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தால் எண்பது ஆண்டுக்கும் மேலான முழுப் பண்ணைக் கணக்கு நம் கையில் இருந்திருக்கும். "இயற்கை விவசாயம் நீண்டகாலத்தில் என்ன செய்யும்?" என்று இப்போது ஆளாளுக்கு ஜல்லியடிக்கிறோமே, அதற்குப் பதில் சொல்லும் மண் அங்கே இருந்திருக்கும்.

உர முதலாளிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை! அவர் நிலத்தைக் கட்டிப்போட்டார். இயற்கைக்காரர்கள் இலட்சியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தைக் கைவிட்டார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். "இயற்கை விவசாயத்தில் விளைச்சல் குறைவு. பணக்காரர் பொழுதுபோக்கு. இதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?" விளைச்சல் குறைவு என்பது பொதுவாக உண்மைதான். 2012ல் நேச்சர் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, பயிரையும் சூழலையும் பொறுத்து 5 முதல் 34 சதவீதம் வரை குறைவு என்று கணக்கிட்டது. மறைக்க ஒன்றுமில்லை. உலகம் முழுக்க நாளையே உரத்தை நிறுத்து என்று நான் சொல்லவும் இல்லை. நான் சொல்வது வேறு. அறுபது எழுபது ஆண்டு ஒரே முறையில் நடந்த நிலங்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. உரத்துக்கும் டீசலுக்கும் என்றைக்காவது தட்டுப்பாடு வந்தால், போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ள இருக்கும் இடங்கள் அவைதான். விதை நெல்லை எடுத்துச் சமைக்கிறவனை நம் வீட்டுப் பாட்டிகள் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு உண்மை. இங்கிலாந்தில் எஸ்டேட் விலை விளைச்சலைப் பார்த்து ஏறுவதில்லை. விவசாய நிலத்துக்கு வாரிசு வரியில் நீண்டகாலம் பெரிய சலுகை இருந்தது. அதனால் விவசாயமே தெரியாத பணக்காரர்களும் நிலத்தை வாங்கிப்போட்டார்கள். 2024 அக்டோபர் பட்ஜெட்டில் அந்தச் சலுகைக்கு வரம்பு கட்டுவதாக அறிவித்ததும், டிராக்டர்கள் லண்டன் வீதிக்கு வந்தன. அந்தச் சண்டையில் சிறு விவசாயிகளின் பயம் நிஜமானது. ஆனால் நிலம் என்பது விதைக்கிற இடமாக இல்லாமல் பணத்தைப் பத்திரப்படுத்தும் பீரோவாக மாறிவிட்டது என்பதும் நிஜம். பீரோ விலைக்கு இளம் விவசாயி எப்படி நிலம் வாங்குவான்? ஆகவே "சந்தையில் நல்ல இயற்கை விவசாயி வந்து வாங்கிக்கொள்வார்" என்பது வெறும் ஆறுதல் பேச்சு.

அப்படியென்றால் என்னதான் செய்வது? புலம்பிவிட்டுப் போவது எனக்கும் பிடிக்காது. நடந்த உதாரணங்களையே சொல்கிறேன்.

ஒன்று, ஃபோர்டுஹால் வழி. ஊரார் சேர்ந்து வாங்கி, உழுகிறவருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுவது. பிரான்சில் 2003ல் தொடங்கிய டெர் டு லியான் அமைப்பு இதையே நாடு முழுக்கச் செய்கிறது. சாதாரண மக்களின் சேமிப்பைத் திரட்டி, நூற்றுக்கணக்கான பண்ணைகளை வாங்கி, இயற்கை விவசாயிகளுக்கே குத்தகைக்குத் தருகிறது. வாங்கிய நிலத்தை மறுபடி சந்தைக்கு விடுவதில்லை என்பது அதன் கொள்கை. முதலாளியின் மனசு மாறும் என்ற பயம் அங்கே இல்லை.

இரண்டு, சட்டம். எல்லாப் பண்ணைக்கும் 8,000 பேர் கிடைக்க மாட்டார்கள். ஃபோர்டுஹாலைக் காட்டி "பார், மக்களே காப்பாற்றிவிட்டார்கள்" என்று அரசாங்கம் கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது. பிரான்சில் 1960லிருந்து சஃபேர் என்ற அமைப்புகள் இருக்கின்றன. விவசாய நிலம் விற்பனைக்கு வந்தால் குறுக்கே புகுந்து முதலில் வாங்கும் உரிமை அவற்றுக்கு உண்டு. ஸ்காட்லாந்தில் ஏக் தீவு மக்கள் 1997ல் தங்கள் தீவையே விலைக்கு வாங்கினார்கள். 2003ல் அங்கே வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம், கிராமப்புறச் சமூகங்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால், நிலம் விற்பனைக்கு வரும்போது முதலில் வாங்கும் உரிமையைத் தந்தது. உலகம் இடிந்து விழுந்துவிடவில்லை. நீண்டகால இயற்கைப் பண்ணை விற்பனைக்கு வந்தால் முதல் வாய்ப்பு குத்தகைதாரருக்கும் ஊருக்கும், அதுவும் விவசாய விலையில் என்று ஒரு விதி இருந்திருந்தால், சார்லட்டும் பென்னும் கையேந்தியிருக்க வேண்டியதில்லை.

மூன்று, விற்கிறவர்களுக்கு. ஐயா, அம்மா, நீங்கள் நிஜமாகவே அந்த மண்ணை நேசித்தால், விற்பதற்கு முன் அதை ஓர் அறக்கட்டளையிலோ, மீற முடியாத நிபந்தனைப் பத்திரத்திலோ கட்டுங்கள். விலை குறையும், தெரியும். அந்தக் குறைகிற பணம்தான் உங்கள் இலட்சியத்தின் விலை. அதைக் கொடுக்க மனசில்லை என்றால் பரவாயில்லை, விற்றுவிட்டுப் போங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தில் "வரலாற்றுச் சிறப்புமிக்க இயற்கைப் பண்ணை" என்று மட்டும் போடாதீர்கள்.

நான்கு, நமக்கு. இயற்கைப் பண்ணை விற்பனைக்கு வந்தது என்று செய்தி வந்தால் "அடடா, என்ன கொடுமை" என்று நாலு வரி எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். ஃபோர்டுஹாலைக் காப்பாற்றியது அடடா இல்லை. தலைக்கு 50 பவுண்டு. கையிலிருந்து போன பணம், திரும்பி வராத பணம். அதைப் போட்டவர்களில் பலர் அந்தப் பண்ணையைப் பார்த்ததுகூட இல்லை.

அறைத்தோழன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "சொத்துரிமைல கை வெச்சா எல்லாம் போச்சுடா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டான். ஆனால் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டான்: "அந்த அம்பது பவுண்டு நம்ம ஊர் காசுல எவ்ளோடா?"

சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "ரெண்டு மாச மெஸ் பில்லு" என்றான்.

ஆமாம். அவ்வளவுதான்.